மாத்திரை அட்டையைக் கண் தெரியாதவர் எப்படி அடையாளம் காண்பார்? பிரெய்ல் மட்டும் போதுமா?

பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பெரும்பாலும் ஒரே மாதிரியான அட்டையில்தான் வருகின்றன. கண் தெரிபவர் பெயரைப் பார்த்து எடுத்துவிடுவார். பார்வை இல்லாதவர் கையில் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். சில சர்க்கரை மாத்திரைகளைத் தவறுதலாக இரண்டு முறை போட்டுவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரை போகலாம்.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வை மாற்றுத்திறனாளிகள் சுமார் 50 லட்சம் பேர். இவர்களுக்கும் பயன்படும் லேபிளை எப்படி வடிவமைப்பது?

பிரெய்லில் அச்சிட்டால் போதாதா?

இந்தக் கேள்விதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஐரோப்பிய யூனியன் 2004-ல் கொண்டுவந்த சட்டப்படி, அங்கே மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெய்லிலும் இருக்க வேண்டும். தமிழுக்கும் பிரெய்ல் உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான ‘பாரதி பிரெய்ல்’ முறையில் தமிழும் எழுதப்படுகிறது.

இதுல முதல் சிக்கல், இடம். ஐரோப்பிய மருந்துப் பெட்டிகளில் ஒரு பிரெய்ல் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். எழுத்தைச் சின்னதாக்க முடியாது, விரலுக்குத் தெரியாது. தமிழ் பிரெய்லில் ‘பா’, ‘ட்’ போன்ற எழுத்துகளுக்கு இரண்டிரண்டு கட்டங்கள் தேவை. எனவே ‘பாராசிட்டமால்’ என்று எழுத 13 கட்டங்கள், அதாவது சுமார் ஏழரை சென்டிமீட்டர். கூடவே ‘500’ சேர்த்தால் பத்தரை சென்டிமீட்டர் ஆகிவிடும். இதில் காலாவதி தேதிக்கு இடம் ஏது?

இரண்டாவது சிக்கல், நம்ம ஊர் மெடிக்கல் ஷாப். ஐரோப்பாவில் பல நாடுகளில் மருந்தைப் பெட்டியோடு தருகிறார்கள். இங்கே “அஞ்சு மாத்திரை போதும்” என்று கேட்டால், கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். பெட்டி கடையிலேயே நின்றுவிடும். பெட்டியில் பிரெய்ல் இருந்தும் மருந்தைச் சாப்பிடுபவர் கைக்கு அது வராது.

கியூஆர் கோடு உதவுமா?

உதவும். போனில் ஸ்கேன் செய்தால் விவரத்தைக் குரலில் கேட்கலாம், இடப் பிரச்சினையும் இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல், இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். பெயர், பேட்ச் எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆனால் அது போலி மருந்தைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்த விதி. அட்டையில் இடம் இல்லாவிட்டால் வெளிப்பெட்டியில் போட்டால் போதும் என்கிறது அதே விதி. மறுபடியும் பெட்டி கடையிலேயே!

உணவுப் பொருட்களுக்கும் இப்படி கியூஆர் கோடு போடும்படி 2023-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்வை இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் ஒரு மேடான கோடு வேண்டும். இல்லாவிட்டால் பாக்கெட்டைப் போன் முன்னால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

செங்கல்பட்டில் இருக்கும் இரண்டு நிறுவனங்கள்

பிரெய்லா, குரலா என்ற கேள்விக்கு செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

மாமல்லபுரம் போகும் கிழக்கு கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். 2005-ல் தொடங்கிய இந்த மத்திய அரசு நிறுவனம், பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் செயல்படுகிறது. அவர்களுக்குக் குரலில் பேசும் லேபிளால் பயனில்லை. தொட்டால் தெரிய வேண்டும்.

செங்கல்பட்டு அருகே திருமணியில் இருக்கிறது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், 1955 முதல். தொழுநோய் முற்றினால் விரல் நுனியில் உணர்வு போகும், சிலருக்குக் கண்ணும் பாதிக்கப்படும். நீண்ட காலச் சர்க்கரை நோயும் கண்ணையும் நரம்பையும் சேர்த்துக் கெடுக்கலாம். அவர்களால் பிரெய்ல் புள்ளியை உணர முடியாது. குரல் வேண்டும்.

ஆக, ஒரே வழியை மட்டும் நம்பும் லேபிள் யாரையாவது வெளியே நிறுத்திவிடும். கைக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மங்கலாகத் தெரியும் கண்ணுக்கு ஒன்று என மூன்றும் வேண்டும்.

நல்ல லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்?

• தொடு அடையாளம்: எல்லாவற்றையும் பிரெய்லில் எழுதத் தேவையில்லை. ஜப்பானில் 1991 முதல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் மேடான வரிகள் இருக்கின்றன, கண்டிஷனரில் இருக்காது. தலையில் நுரையோடு கண்ணை மூடி நிற்பவருக்கும் இது உதவும். நம் 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் 4 மேடான கோடுகளும் 500 ரூபாய் நோட்டில் 5 கோடுகளும் இருப்பதும் இதற்காகத்தான்.

• நிறத்தை மட்டும் நம்பக் கூடாது: ஆவின் பாலில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நாம் நிறம் சொல்லி வாங்குகிறோம். தடவிப் பார்த்தால் எல்லாப் பாக்கெட்டும் ஒன்றுதான்.

• பெரிய, தெளிவான எழுத்து: பார்வைக் குறைபாடு உள்ள பலருக்கு ஓரளவு கண் தெரியும். வெள்ளை அல்லது மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து நல்லது. பளபளக்கும் வெள்ளிக் காகிதத்தில் சின்ன எழுத்து இருந்தால், வெளிச்சம் பட்டதும் எதுவும் தெரியாது.

• பயன்படுத்துபவரிடம் சோதனை: அச்சுக்குப் போகும் முன் மாதிரியைப் பார்வை மாற்றுத்திறனாளிகள் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 43-வது பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும் வகையில் வடிவமைத்த நுகர்பொருட்களை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை.

வீட்டில் இப்போதே என்ன செய்யலாம்?

• காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மாத்திரைக்கு இரண்டு என்று சுற்றி வையுங்க.

• மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீங்க.

• லுக்அவுட், சீயிங் ஏஐ போன்ற இலவச செயலிகள் அச்சில் உள்ளதைப் படித்துச் சொல்லும். ஆனாலும் புது மருந்து என்றால் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ ஒருமுறை கேட்டு உறுதி செய்வது அவசியம்.

• மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரிக்கும்போது, பெயரும் காலாவதி தேதியும் உள்ள பகுதியை உங்களுக்குத் தரச் சொல்லுங்க. அது இல்லாத துண்டை எந்தச் செயலியாலும் படிக்க முடியாது.