பெரெசினா ஆற்றுச் சமர்: மேசை விளையாட்டில் விடுபட்டுப்போகும் மக்கள்

வரைபடம், படையணிகளைக் குறிக்கும் வில்லைகள், தாயக்கட்டை ஆகியவற்றைக் கொண்டு ஒரு சமரை மீள நடத்திப் பார்க்கும் முறையைப் பிரஷ்ய இராணுவம் 1824இல் தன் அதிகாரிகளின் பயிற்சிக்காக ஏற்றுக்கொண்டது. இன்று அது வரலாற்று ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவும் உள்ளது. இவ்வாறு மேசைக்குக் கொண்டுவரப்படும் சமர்களில், ஆற்றைக் கடக்கும் சமர்களை வடிவமைப்பது கடினம். இதற்கு 1812 நவம்பர் 26 முதல் 29 வரை, இன்றைய பெலாரஸில் இடம்பெற்ற பெரெசினா சமர் நல்ல உதாரணமாகும்.

நடந்தது என்ன?

மொஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படைக்குப் பின்னால் குட்டுசோவும், வடக்கே விட்கென்ஸ்டைனும், ஆற்றின் மேற்குக் கரையில் சிச்சாகோவும் நின்றனர். பொரிசோவ் நகரப் பாலத்தை ரஷ்யர்கள் அழித்துவிட்டனர். நகருக்குத் தெற்கே கடக்கப்போவதாகப் பாசாங்கு காட்டிய பிரெஞ்சுப் படை, வடக்கே ஸ்டுடியன்கா கிராமத்தில் இரண்டு பாலங்களை அமைத்தது. வீடுகளைப் பிரித்தெடுத்த மரங்களே அவற்றுக்குப் பயன்பட்டன. ஜெனரல் எப்லேயின் சுமார் 400 பாலம் கட்டும் வீரர்கள் உறைகுளிர் நீரில் நின்று வேலை செய்தனர். அவர்களில் மிகச் சிலரே உயிர் பிழைத்தனர்.

மேசையில் அமைப்பது எப்படி?

முதலாவது, மறைவு. பாலம் எங்கே அமைகிறது என்பது சிச்சாகோவாக விளையாடுபவருக்குத் தெரிந்துவிட்டால் சமரே இல்லை. எனவே இரு தரப்பும் தனித்தனி வரைபடங்களில் நகர்வுகளைக் குறிக்க, மத்தியஸ்தர் ஒருவர் கண்ணுக்கு எட்டியதை மட்டும் அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, பாலத்தின் கொள்ளளவு. ஒரு பாலம் காலாட்படைக்கு, மற்றையது பீரங்கிகளுக்கும் வண்டிகளுக்கும். பாரமான பாலம் பலமுறை உடைந்தது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கடக்கக்கூடிய அளவுக்கு வரம்பும், பாலம் உடைவதற்குத் தாயக்கட்டை வீச்சும் தேவை.

மூன்றாவது, எப்லேயின் கருவிகள். பாலப் படகுகளையும் தளபாடங்களையும் எரிக்குமாறு ஓர்ஷாவில் கட்டளையிடப்பட்டபோதும், கொல்லர் உலைகளையும் கருவிகளையும் அவர் காப்பாற்றி வைத்திருந்தார். அவை இல்லாத நிலையில் என்ன நடந்திருக்கும் என்பதையும் விளையாடிப் பார்க்கலாம்.

கணக்கில் வராதவர்கள்

படைகளுடன் ஆயிரக்கணக்கானோர் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தனர். ஆயுதமிழந்த வீரர்கள், காயக்காரர், பெண்கள், குழந்தைகள், மொஸ்கோவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் என்று பலர் அவர்களில் இருந்தனர். பாலம் நெரிசலற்றிருந்த இரவுகளிலும் களைப்பும் குளிரும் அவர்களை நெருப்பருகிலேயே நிறுத்திவிட்டன. 28ஆம் திகதி விட்கென்ஸ்டைனின் பீரங்கிகள் கரையைத் தாக்கியபோது எல்லோரும் ஒரேயடியாகப் பாலங்களை நோக்கி ஓடினர். பலர் மிதிபட்டும் நீரில் மூழ்கியும் இறந்தனர். 29ஆம் திகதி காலை எப்லே பாலங்களை எரித்தார். கடக்காதவர்கள் அக்கரையிலேயே விடப்பட்டனர்.

போரிடும் படைகளுக்கு மட்டும் வில்லை வைக்கும் விளையாட்டில் இவர்கள் இருப்பதில்லை. சிலவற்றில் பாதையை மறிக்கும் தடையாக மட்டும் இடம்பெறுகின்றனர். நேர்மையான வடிவமைப்பு அவர்களுக்கும் வில்லை வைக்கும். கரையில் விடப்பட்ட ஒவ்வொரு வில்லைக்கும் புள்ளி குறைக்கும். அப்போதுதான் பாலத்தை எப்போது எரிப்பது என்ற முடிவின் விலை விளையாடுபவருக்குத் தெரியவரும்.

நெப்போலியனும் அவரது படையின் முக்கிய பகுதியும் தப்பினர். இராணுவக் கணக்கில் அது ஒரு சாதனை. ஆனால் பிரெஞ்சு மொழியில் ‘பெரெசினா’ என்ற சொல் இன்றும் பேரழிவையே குறிக்கிறது.