ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ஏழு மாசம் ஆயிடுச்சு. எங்க போனேன்னு நிறைய பேர் கேட்டீங்க. எங்கயும் போகல, கொட்டிவாக்கத்துல எங்க வீட்டு மூணாவது மாடியிலதான் இருந்தேன். ஈ.சி.ஆர்.ல ஒரு பைக் விபத்துல வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சது. எப்படியோ ஒட்டிடுச்சு, ஆனா 4 செ.மீ. குட்டையா ஒட்டுச்சு. அதை நீட்டுறதுக்கு இன்னொரு ஆபரேஷன். காலைச் சுத்தி இரும்பு வளையங்கள், அதுல இருந்து எலும்புக்குள்ள போற மெல்லிய கம்பிகள். எங்க தெருப் பசங்க அதுக்கு வெச்ச பேர் 'செல்போன் டவர்'.

இன்னிக்கு அந்த டவரோட வரலாறு. ஆனா முடிக்கும்போது கால்ல முடிக்கப் போறதில்லை, நாற்காலியில முடிக்கப் போறேன்.

காலை நீட்டும் ஆசை பழசு. இத்தாலியின் பொலோன்யா நகரில் அலெஸாண்ட்ரோ கொடிவில்லா என்ற டாக்டர் 1905-லேயே தொடை எலும்பை வெட்டி, இழுத்து நீட்டிய அனுபவத்தை எழுதியிருக்கிறார். ஒரேயடியா இழுத்தா நரம்பும் சதையும் தாங்காது, சீழ் பிடிக்கும், எலும்பும் கூடாது. அதனால அடுத்த அம்பது வருஷம் இது டாக்டர்களே பயந்த வைத்தியமாத்தான் இருந்தது.

திருப்பம் வந்த இடம் சைபீரியா. கவ்ரில் இலிசாரோவ் 1921-ல் பிறந்தவர். 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்ததும், குர்கான் பகுதியில் ஒரு கிராமத்து டாக்டராக அனுப்பப்பட்டார். நம்ம டெல்லி பக்கத்து குர்கான் இல்லை, இது சைபீரியாவோட மேற்கு ஓரம். போர் முடிஞ்ச காலம். எலும்பு ஒட்டாத கால்களோட, வருஷக்கணக்கா மாவுக்கட்டில் படுத்துக் கிடந்த சிப்பாய்கள் அங்கே ஏராளம். அவர்களுக்காக இலிசாரோவ் ஒரு கருவி செய்தார். காலைச் சுற்றி வளையம், வளையத்தில் இறுக்கிக் கட்டிய குறுக்குக் கம்பிகள், வளையங்களை இணைக்கும் மரையுள்ள தண்டுகள், நட்டுகள். சைக்கிள் சக்கரம் ஞாபகம் வருதா? ஆரக்கால் மெலிசுதான். இழுத்துக் கட்டினா ஆளையே தாங்குது இல்லையா, அதே கணக்கு.

எலும்பு முனைகளை ஒண்ணோட ஒண்ணு அழுத்தி ஒட்ட வைக்கத்தான் இதை முதல்ல செஞ்சாங்க. ஒரு நோயாளி நட்டைத் தப்பான பக்கம் திருப்பிட்டதா ஒரு கதை சொல்வாங்க. அழுத்த வேண்டிய இடம் விலகிடுச்சு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா அந்த இடைவெளியில புது எலும்பு! கதை எப்படியோ, கண்டுபிடிப்பு நிஜம். எலும்பை வெட்டி, சில நாள் ஆற விட்டு, அப்புறம் மெதுவா விலக்கினா உடம்பு அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்குது. எவ்வளவு மெதுவா? நாய்களிடம் செய்த சோதனைகளில் அவர் கண்ட கணக்கு, நாளைக்கு 1 மி.மீ. அதையும் கால் கால் மில்லிமீட்டராக நாலு தடவை. வேகமா இழுத்தா எலும்பு உருவாகாது. ரொம்ப மெதுவா போனா, நீளம் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும். காலை ஆறு, பகல் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி படுக்கும்போதுன்னு நான் ஸ்பேனர் திருப்பினது இந்தக் கணக்குக்குத்தான்.

மாஸ்கோ பெரிய டாக்டர்கள் அவரை ரொம்ப நாள் மதிக்கல. அவர் பேரை நாடு முழுக்கக் கொண்டு போனவர் ஒரு நோயாளி. வலேரி புருமெல், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். 1965-ல் பைக்கின் பின் சீட்டில் போகும்போது விபத்து. ஆபரேஷன் மேல ஆபரேஷன் செஞ்சும் கால் தேறல. 1968-ல் குர்கான் போனார். அதுக்கப்புறம் மறுபடியும் 2 மீட்டருக்கு மேல தாண்டினார். அடுத்தவர் இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மவுரி. 1961-ல் பனிச்சறுக்கில் உடைந்த கால் கிட்டத்தட்ட இருபது வருஷம் படுத்தியது. 1980-ல் அவரும் குர்கான் போய்க் குணமாகித் திரும்பினார். மறு வருஷமே இத்தாலிய டாக்டர்கள் இலிசாரோவைத் தங்கள் மாநாட்டுக்கு அழைத்தார்கள். மேற்கு நாடுகளுக்குள்ள இந்த வளையம் நுழைஞ்சது அப்படித்தான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது வாரமே லேப்டாப்பைத் திறந்துட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. "கால்தானே போச்சு, கை நல்லாத்தானே இருக்கு"ன்னு மேனேஜர்கிட்ட சொன்னதே நான்தான். உண்மை என்னன்னா, என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்களோங்கற பயம். காலை ஸ்டூல்ல தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். பத்து நாள்ல பாதம் கீழ்ப்பக்கமா இறங்கிடுச்சு, குதிகால் தரையைத் தொடல, முழங்கால் முழுசா நீள மாட்டேங்குது. எலும்பு நீளுற வேகத்துக்குக் கெண்டைச்சதை ஈடு கொடுக்காது, அதை நாமதான் நிமித்தி நிமித்தி நீட்டணும். டாக்டர் நட்டோட வேகத்தைப் பாதியாக் குறைச்சார். பிசியோ அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "தம்பி, எத்தனை தடவை எழுந்து நடந்தே?"

அப்பத்தான் உறைச்சது. இலிசாரோவோட பாதிக் கண்டுபிடிப்பைத்தான் நான் படிச்சிருந்தேன். மீதிப் பாதி நடை. வளையத்தோடவே எடை போட்டு நடக்கணும், அப்பத்தான் ரத்தம் ஓடும், எலும்பு கெட்டிப்படும்னு அவர் விடாம வலியுறுத்தினார். அவர் நோயாளிகள் கட்டில்ல கிடந்தவங்க இல்லை, நடந்தவங்க. ஆனா நம்ம தொழிலே உட்கார்றதுதானே?

இதுக்குப் பதில் சைபீரியாவில் கிடைக்கல, வேலூர்ல கிடைச்சுது. மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர். 1954 ஜனவரியில் ஒரு கார் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி டாக்டர் வேலை முடிஞ்சுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் கொண்டிருந்தார் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமேன்னு அவர்தான் வழி காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1963-ல் அதே சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ.

நான் செஞ்சதும் உட்கார்ந்து செய்யற வேலை, அவர் செஞ்சதும் உட்கார்ந்து செய்யற வேலை. வித்தியாசம் இதுதான்: அவருக்கு உடம்புக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்தினாங்க. நான் வேலைக்கு ஏத்த மாதிரி உடம்பை மடக்கினேன்.

அடுத்த வாரமே மேனேஜர்கிட்ட உண்மையைச் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான், முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து வாக்கரைப் பிடிச்சு ஹால்ல ரெண்டு சுத்து, பிசியோ நேரத்துல மீட்டிங் கிடையாது. பயந்த மாதிரி எதுவும் நடக்கல. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா"ன்னுதான் சொன்னார். 4 செ.மீ. முழுசா வந்தாச்சு, குதிகாலும் தரைக்கு வந்தாச்சு. வளையம் மட்டும் இன்னும் இருக்கு. எலும்பு கெட்டிப்பட நீட்டின காலத்தைவிட அதிக நாள் ஆகும், அதுக்கு ஷார்ட்கட் கிடையாது.

உயரம் கூட்டிக்க இந்த ஆபரேஷனைப் பத்தி விசாரிச்சு எனக்கு மெசேஜ் அனுப்புற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. அழகுக்காக இதைச் செய்யறதை சீனா 2006-லேயே தடை பண்ணுச்சு. முடிவு உங்களோடது. ஆனா விசாரிக்கும்போது எத்தனை செ.மீ. ஏறும்னு மட்டும் கேக்காதீங்க. எத்தனை மாசம், யார் கூட இருப்பாங்க, வேலை என்னாகும்னும் கேளுங்க.

சரி, முக்கால் மணி ஆச்சு. எழுந்து ரெண்டு சுத்து நடந்துட்டு வர்றேன். கேட்டுக்கிட்டிருக்கற நீங்களும் எழுந்திருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.