மூளைக்குள் புழு: யாருடைய உடலில் படித்தோம்?

பண்டி இறைச்சி சாப்பிட்டால் மூளைக்குள் புழு போய்விடும் எண்டு சொல்லுவார்கள். அது பாதிதான் உண்மை. சரியாக வேகாத இறைச்சியில் குடம்பி இருந்தால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்கும் கண்ணுக்கும் போகும் பாதை வேறு. புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கையிலோ தண்ணீரிலோ மரக்கறியிலோ ஒட்டி ஒருவரின் வாய்க்குள் போகவேணும். அதனால் சுத்த சைவக்காரருக்கும் இது வரலாம்.

இதை மருத்துவம் அறிந்துகொண்ட கதை கொஞ்சம் சங்கடமானது. 1855இல் ஜேர்மன் மருத்துவர் கியூகன்மைஸ்டர், மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதியின் சாப்பாட்டில் பண்டிக் குடம்பிகளைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் உடலை வெட்டிப் பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் இருந்தன. குடம்பியும் நாடாப்புழுவும் ஒரே உயிரி எண்டு நிரூபணமானது. மருத்துவரின் பெயர் வரலாற்றில் நிலைத்தது. கைதி வெறும் 'கைதி'தான்.

அடுத்தது 1930கள். இந்தியாவில் சேவை செய்து திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்களுக்கு, வருசங்கள் கழித்து வலிப்பு வந்தது. சிலரை மனநோயாளர் என்றும் முடிவுகட்டினார்கள். இராணுவ மருத்துவர் வில்லியம் மக்ஆர்தர் அவர்களின் தோலுக்குக் கீழே கட்டிகளைத் தேடினார், தசைகளை எக்ஸ்றே எடுத்தார். சுண்ணாம்பாகிப்போன குடம்பிகள் தெரிந்தன. 1961இல் டிக்சனும் லிப்ஸ்கொம்பும் இப்படியான 450 பேரைப் பின்தொடர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்த நோயைப் பற்றிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

சிப்பாய்க்குப் பதிவேடு இருந்தது, அதனால் அவனுடைய வலிப்புக்குக் காரணம் தேடினார்கள். ஆனால் அவன் முட்டையை விழுங்கிய அதே மண்ணில் பிறந்து, அதே தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்களே? அவர்களின் வலிப்பை ஆர் எண்ணினது? 1970களில் சீ.டி. ஸ்கேன் வந்தபிறகுதான் இந்தியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சாதாரண சனத்தின் மூளைக்குள் இருந்தது பரவலாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த நோய் பரவலாக உள்ள பல இடங்களில், வலிப்பு உள்ளவர்களில் சுமார் 30 சதவீதமானோருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 'புறக்கணிக்கப்பட்ட' நோய்களின் பட்டியலிலும் அது இதைச் சேர்த்திருக்கிறது. மலசலகூடம், சுத்தமான தண்ணீர், பண்டிகளைக் கட்டி வளர்ப்பது, புழு உள்ளவருக்கு மருந்து: தடுக்கிற வழி பெரிய ரகசியமில்லை. வலிப்பு வந்தவரைப் பார்த்து பேய், சாபம் எண்டு கதைக்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லவேணும். புறக்கணிக்கப்பட்டது நோய் மட்டுமல்ல, அது வந்த ஆக்களும்தான்.