ஐம்பது பேர் ஊருக்கு ஒரு சுவர்

பெர்லின் சுவர் எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனியில மோட்லராய்ட்னு ஒரு குக்கிராமம், மொத்தமே சுமார் 50 பேர். அதுக்கு நடுவுலயும் ஒரு சுவர் நின்னுச்சு மக்களே.

ஊருக்குள்ள டான்பாஹ்னு ஒரு சின்ன ஓடை, தாண்டிடலாம். 1810-ல் அதன் கரையில் எல்லைக்கல் நட்டாங்க. ஒரு கரை பவேரியா, மறுகரை ரோய்ஸ் சிற்றரசு (பின்னாளில் துரிங்கியா). பள்ளிக்கூடம் பொது, சத்திரம் பொது. கல்லை யார் கண்டுக்கிட்டா?

போருக்குப் பிறகு பவேரியா அமெரிக்கா கையில், துரிங்கியா சோவியத் கையில். 1949-ல் ஓடை ரெண்டு நாட்டுக்கு எல்லை ஆயிடுச்சு. 1952-ல் வேலி, கூடவே 5 கிலோமீட்டர் தடைப்பகுதி. அரசு நம்பாதவங்களைக் குடும்பத்தோட வெளியேத்தினாங்க. துரிங்கியாவில் அதுக்கு வச்ச பேர் 'உங்கெட்சீஃபர்'. பேன், மூட்டைப்பூச்சி, எலிக்குச் சொல்ற வார்த்தை! நாங்க மருந்தடிக்கும்போது பேசுற பாஷைங்க அது.

1966-ல் 700 மீட்டர் கான்கிரீட் சுவர். எதிர்க்கரையில் நிக்கிற சொந்தக்காரங்களுக்குக் கையசைக்கக்கூட கிழக்குல இருந்தவங்களுக்குத் தடை. அமெரிக்க வீரர்கள் வச்ச பேர் 'குட்டி பெர்லின்'.

பெர்லின் திறந்து ஒரு மாசம் கழிச்சு, 1989 டிசம்பர் 9-ல் இங்கே நடைபாதை திறந்தாங்க. 1990 ஜூன் 17-ல் இயந்திரம் வந்து சுவரை இடிச்சுது. மிச்சம் விட்ட துண்டு இப்போ மியூசியத்துல.

ஊர் இன்னும் ரெண்டு மாநிலத்துலதான் இருக்கு. ரெண்டு மேயர், ரெண்டு பின்கோடு. பவேரியா கரையில் 'க்ரூஸ் காட்'னு வணக்கம் சொல்வாங்க, எதிர்க்கரையில் 'கூட்டன் டாக்'.