தொய்வு நோயும் நரம்பும்

தொய்வு நோய் நரம்பின்பாற்பட்டது என்னும் கொள்கை ஒருகால் ஏற்றம் பெற்றுப் பின்னர்த் திரிபடைந்து, மீண்டும் வேறு வடிவில் எழுந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1860இல் இலண்டன் மருத்துவர் ஹைட் சால்ற்றர் தொய்வைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அவர்தாமும் அந்நோயால் வருந்தியவரே. நரம்பின் ஏவலாற் சுவாசக் குழாய்த் தசைகள் சுருங்குதலே நோயின் தன்மை என்பது அவர் துணிபு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளப்பகுப்பாய்வாளர் சிலர் நோயின் வேரை மனத்திலே தேடினர். மூச்சிரைப்பைத் தாயை நோக்கி எழுந்து அடங்கிய அழுகையென அவர்கள் விளக்கினர். இதனால் மூச்சுக்குத் தவிப்போர்மேலும் அவர்தம் தாயர்மேலும் வீண்பழி சுமந்தது.

உண்மையை நாட்டியது உடற்றொழிலியலே. உணர்நரம்பு செய்தியை உள்ளே கொண்டு செல்லும் ஒருவழித் தூதன் என்பது பொதுக் கருத்து. 1901இல் பேலிஸ் என்பார் நாயின் முண்ணாணிற் புகும் உணர்நரம்பு வேர்களைத் தூண்டியபோது, பின்காலின் குருதிக்கலன்கள் விரிந்தன. தூதன் வெளிமுகமாகவும் தொழில் செய்வான் என்பது இதனாற் பெறப்பட்டது. 1931இல் வொன் ஒயிலர், கடம் ஆகியோர் குதிரையின் மூளையிலும் குடலிலும் ‘பி’ பதார்த்தத்தைக் கண்டனர். உணர்நரம்பு நுனிகள் அதனை வெளிவிடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

செத்தல் மிளகாய் வறுக்கும் அடுக்களையில் இருமாதார் யார்? அக்காரத்துக்குக் காரணமான கப்சேசினைக் கொண்டு அங்கேரி நாட்டு யாஞ்சோ ஆராய்ந்தார். அதனை மிகுதியாகப் பெற்ற விலங்குகளின் உணர்நரம்புகள் செயலிழந்தன. உறுத்தும் பொருள்களைப் பூசியும் அழற்சி தோன்றவில்லை. அவர் மறைந்தபின், 1967இல், இம்முடிபுகள் விரிவாக வெளிவந்தன. 1983இல் இலுண்ட்பேர்க்கும் சாரியாவும் இதனைச் சுவாசக் குழாயிற் சோதித்தனர். சிகரெற்றுப் புகையால் எலிகளின் குழாய்ச் சுவர் வீங்கிற்று. முன்னரே கப்சேசின் பெற்ற எலிகளில் அவ்வீக்கம் எழவில்லை. 1986இல் இலண்டன் பேராசிரியர் பீற்றர் பார்ண்ஸ் தொய்வுக்கும் இவ்விளக்கத்தைப் பொருத்தினார். குழாயின் உட்படலம் சிதைய நரம்பு நுனிகள் வெளிப்படும். அவை உறுத்தப்பட, தூண்டல் கிளைநரம்புகள் வழியே திரும்பி ஓடி, ‘பி’ முதலியவற்றை வெளிவிடும். கலன்கள் கசியும், சளி பெருகும், பாதை ஒடுங்கும் என்றார்.

எனினும் விலங்கிற் கண்டதனைத்தும் மனிதர்க்கு ஒவ்வா. ‘பி’ பதார்த்தத்தைத் தடுக்கும் மருந்துகள் தொய்வில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நரம்பு அழற்சியின் பல காரணங்களுள் ஒன்றேயாம். ஆயினும் ஒன்று துணியப்படும்: நரம்பின் தொழில் மனத்தின் குறையன்று. தொய்வால் வருந்தும் மாணவனை மனத்திடம் அற்றவன் என இகழ்வதற்கு அறிவியலிற் சான்றில்லை.