காக்காப்பொன்னில் வரைந்தவர்கள்

எடோ என்று அன்று வழங்கிய தோக்கியோ நகரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மரக்கட்டை அச்சுப் படங்களுக்கு வரைந்து கொடுத்தவர் எய்ஷோசாய் சோகி. அவர் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் பதிவாகவில்லை. புகழ்பெற்ற ஓவியர் உத்தமாரோவுக்கு ஆசிரியராயிருந்த தோரியாமா செக்கியென்னிடமே இவரும் பயின்றார். உத்தமாரோவின் புகழில் இவர் மங்கிப்போனார். ஆயினும் 1794ஐ ஒட்டி அவர் வரைந்த மின்மினி பிடிக்கும் பெண்ணின் படம் ஒன்றே அவர் தரத்தைச் சொல்லிவிடும். அப்படத்தின் இருட்டு முழுவதும் அப்பிரகப் பொடியால் ஆனது. பசையேற்றிய தாளில் அப்பொடி படிந்ததும் கறுப்புக்கே ஒரு மினுமினுப்பு வந்துவிடுகிறது.

நம்மூரில் காக்காப்பொன் என்று குழந்தைகளும் அறிந்த அதே அப்பிரகத்தைத் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் வேறுவிதமாகக் கையாண்டார்கள். பொடிக்கவில்லை, ஏடு ஏடாகப் பிரித்து அதன் மேலேயே வரைந்தார்கள். வடக்கே முர்ஷிதாபாத், பாட்னா, காசி, தெற்கே திருச்சி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர்கள் இவை. தண்ணீர் சுமப்பவர், சலவைக்காரர், பல்லக்குத் தூக்கிகள், தெய்வ உருவங்கள், திருவிழா ஊர்வலங்கள் என்று தொகுப்புத் தொகுப்பாக விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும். சிறிய படங்கள், எடையற்றவை. பெட்டியில் அடுக்கிச் சீமைக்கு அனுப்ப ஏற்றவை.

வேலை சுலபமானதன்று. அப்பிரகம் நிறத்தை உறிஞ்சுவதில்லை. நீர்த்த வண்ணம் ஒட்டாது; குழைத்துக் கனமாகத் தீட்டினால் காய்ந்தபின் செதிலாக உதிரும். அதனால் உருவத்தை மட்டும் அழுத்தமாக எழுதிவிட்டு, காலடியில் ஒரு கீற்று நிலத்தைக் காட்டி, மற்ற இடத்தை வெறுமனே விட்டுவிடுவதுண்டு. அந்த வெறுமையில்தான் அழகு இருக்கிறது என்பேன். சோகி அப்பிரகத்தால் பின்னணியை நிரப்பினார். இவர்களுக்கு அப்பிரகமே பின்னணி.

வேறுபாடு இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. எடோவில் ஒரு படம் வெளிவர வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என நால்வர் வேண்டும். வரைந்தவர் பெயரைப் பலகையிலேயே செதுக்கினார்கள். பதிப்பாளரின் குறி இருக்கும். 1790 முதல் தணிக்கை முத்திரையும் சேர்ந்தது. பெயருக்கு விலை இருந்தது, அரசுக்கும் அதில் அக்கறை இருந்தது. வாழ்க்கை வரலாறு இல்லாத சோகிகூட இதனால்தான் பிழைத்தார். திருச்சியில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. வாங்கியவருக்கு வேண்டியிருந்தது படத்திலிருப்பவர் இன்ன தொழிலர், இன்ன சாதியார் என்ற குறிப்பு. வரைந்தவர் யாரென்று யாரும் கேட்கவில்லை. திருச்சிச் சுருட்டுக்கு 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே இடம் கிடைத்தது. திருச்சி ஓவியருக்கு அருங்காட்சியகச் சீட்டில்கூடப் பெயரில்லை!

இதற்கிடையே கேமராவும் வந்துவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் நிழற்படங்கள் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. அவர் படமெடுத்தது கோயில்களையும் மலைக்கோட்டையையும். ஓவியர்கள் வரைந்தது மனிதர்களை. ஆகவே போட்டி உடனே மூளவில்லை. ஆனால் மனிதர்களையும் கேமரா மலிவாகப் பிடிக்கத் தொடங்கியபின் கையால் வரைந்த தொகுப்புகளுக்குக் கிராக்கி குறைந்தது.

லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய அப்பிரக ஓவியங்கள் உள்ளன. கலை வரலாற்றாசிரியர் மில்ட்ரெட் ஆர்ச்சர் 1992இல் வெளியிட்ட நூல் அங்குள்ள கிழக்கிந்தியக் கம்பெனிக் கால ஓவியங்களை வகைப்படுத்தியது. இனிச் செய்ய வேண்டியது கையைப் பிரித்தறிவது: ஒரே கண் வளைவும் ஒரே புடைவை மடிப்பும் ஒரே நிலக்கீற்றும் எந்தெந்தத் தொகுப்புகளில் திரும்ப வருகின்றன என்று பார்த்தால், பெயர் கிடைக்காவிட்டாலும் ஓவியர்களைத் தனித்தனியே எண்ணிவிடலாம். ஊர்வலப் படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்ரீரங்கத்து வாகனங்களை அன்றாடம் கண்டவர் வரைந்ததற்கும் கேள்விப்பட்டவர் வரைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வூர்க்காரர் கண் சட்டென்று பிடித்துவிடும்.