பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் குறிப்பு முறைகள்

பிரிட்ஜ், இருவர் இருவராக இணை சேர்ந்து நால்வர் ஆடும் சீட்டாட்டம். ஏலத்தில் வென்றவரின் இணையாளர் தம் 13 சீட்டுகளையும் திறந்து வைப்பார். அதற்கு முன்பே எதிரணியில் ஒருவர் முதல் சீட்டை இறக்க வேண்டும். ஏலத்தில் கேட்டதும் தம் கைச்சீட்டுமே அவருக்குத் துணை. இதனால், இறக்கும் சீட்டின் வழியாகவே இணையாளருக்குச் செய்தி சொல்லும் முறைகள் வளர்ந்தன.

இவற்றின் தொடக்கம் பிரிட்ஜுக்கு முந்தைய விஸ்ட் ஆட்டத்தில் உள்ளது. 1830-களில் இங்கிலாந்தின் ஹென்றி பெண்டிங்க் பிரபு, முதலில் பெரிய சீட்டையும் பின்னர் சிறியதையும் இறக்கி, துருப்பு ஆடும்படி இணையாளரைக் கேட்கும் முறையை வகுத்தார். 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங்க் இவருடைய சிற்றப்பா. திறமை குறைந்தோருக்கும் இம்முறை கைகொடுத்ததால், ஹென்றி பின்னாளில் வருந்தினார் என்பர்.

பின்னர், நீண்ட வகையில் மேலிருந்து நான்காவது சீட்டை முதலில் இறக்கும் வழக்கம் பரவியது. இதையொட்டி ஆர். எஃப். ஃபாஸ்டர் ‘பதினொன்று விதி’யைக் கண்டார். இறங்கிய சீட்டு 7 எனில், 11-இல் 7 போக, அவ்வகையில் அதைவிடப் பெரிய 4 சீட்டுகள் மற்ற மூவரிடமும் உள்ளன. இக்கணக்கு எதிராளிக்கும் உதவும். 1930-களில் ஹை லாவிந்தால், அடுத்து ஆட வேண்டிய வகையைச் சீட்டின் பெரிது சிறிதால் உணர்த்தும் முறையைப் பரப்பினார்.

இணையாளர்கள் செய்துகொண்ட உடன்பாடு எதுவாயினும் எதிராளி கேட்டால் விளக்க வேண்டும். குரலாலோ சைகையாலோ குறிப்புணர்த்துவது குற்றம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றது. அதில் ஆடவர் இணைப் பிரிவில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர்.